யாரென்று கேளாத தர்மம்

தெரிந்தவர்கள் செய்யும் உதவிக்கு ஒரு கணக்கு உண்டு. இன்று அவர் வீட்டுக் கல்யாணத்தில் இவர் பந்தி பரிமாறினால், நாளை இவர் வீட்டுக் காரியத்தில் அவர் வந்து பந்தல்கால் நடுவார். கொடுத்ததும் வாங்கியதும் எழுதி வைக்காமலே இரு வீட்டாருக்கும் நினைவிருக்கும். ஊரும் உறவும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. அதில் குற்றம் ஒன்றுமில்லை.

ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், இனி ஒருமுறை பார்ப்போமா என்பதும் தெரியாத ஒருவர், நடுவழியில் கைகொடுத்துத் தூக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டால் அந்தக் கடனை எங்கே கொண்டுபோய் அடைப்பது? அடைக்க முடியாத கடன் பாரமா, பாக்கியமா? தர்மம் என்று நாள்தோறும் வாயால் சொல்லுகிற அன்புக்கொடி மக்கள் ஒருமுறையேனும் நின்று சிந்திக்க வேண்டிய கேள்வி இது. ஒரு சிறு நிகழ்வைக் கொண்டு இதைச் சிந்திக்கலாம்.

சாமிதோப்பு, புத்தளம், மணக்குடி ஊர்களையொட்டிய உப்பளங்களை இந்தப் பக்கத்தார் எல்லோரும் அறிவர். ஐப்பசி முதல் மாசி வரை தூரதேசப் பறவைகள் அங்கே வந்து இறங்கும். அருகிலுள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, கேமராவும் கையுமாக வருகிறவர்கள் இன்னும் அதிகம். பூநாரை நிற்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், விடியுமுன் வரப்பில் ஆள் நிற்கும்.

அப்படி வந்தவர்களில் ஓர் இளைஞர். அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரர், சென்னையில் வேலை. சிறுவயது முதல் நெற்றியில் நாமம் தரித்து வளர்ந்தவர். திருஏடு வாசிப்புக்குப் பாட்டியின் மடியில் உட்கார்ந்து காது கொடுத்தவர். தை மாதக் கொடியேற்றுத் திருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தார். அன்று 8-ஆம் திருநாள். மாலையில் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்கு எழுந்தருளும் நாள். மாலை வரை நேரம் இருக்கிறதே, அதற்குள் பறவைகளைப் படம் எடுத்துவிடலாம் என்று அதிகாலையிலேயே உப்பளத்துக்குப் புறப்பட்டுப் போனார். வண்டியைச் சாலையில் நிறுத்தினார். கைப்பேசியை வண்டிப் பெட்டியிலேயே விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிந்து, உப்பு விளைச்சலுக்காகப் பாத்திகளைச் சீராக்கும் பருவம் அது. ஆணும் பெண்ணுமாகச் சிலர் விடியுமுன்னே வந்து சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே வானம் சிவந்தபோது, தூரத்து வரப்பில் வயதான ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க்குடத்துடன் நடந்து வந்தார். சிவந்த வானத்துக்கு எதிரே கறுத்த அந்த உருவம் அழகாக இருந்தது. இளைஞர் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளிடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பறவையிடம் யாரும் கேட்டா எடுக்கிறார்கள்?

பிறகு பூநாரைகள் இருந்த பக்கம் மெல்ல நகர்ந்தார். கண் கேமராவில், கால் வரப்பில். மழையில் ஊறியிருந்த வரப்பு ஓரிடத்தில் பெயர்ந்தது. ஒரு கால் முழங்கால் அளவுக்குச் சேற்றில் இறங்கியது. உள்ளே கிடந்த உடைகல் ஒன்று முன்காலைக் கிழித்தது. கேமரா நனைந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்ததால், ஊன்றி எழுந்துகொள்ள அவருக்குக் கையில்லை. இழுக்க இழுக்கச் சேறு இறுகியது. கிழிபட்ட இடத்தில் உப்புநீர் ஏறி எரிந்தது. கூப்பிட்டார்.

முதலில் ஓடிவந்தவர் அந்த அம்மாள்தான். வந்தவுடன் கேட்டது இதுதான்: “வலிக்கா மக்களே?”

அடுத்து, “அத இங்க தா” என்று கேமராவை வாங்கித் தம் தலைத்துண்டை விரித்து அதன்மேல் வைத்தார். “இனி கையத் தா” என்றார். பின்னாலேயே மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். “கால இழுக்காத. இழுத்தா சேறு விடாது. மெதுவா ஆட்டு” என்று சொல்லிக்கொண்டே காலைச் சுற்றி வெட்டி விட்டார். காலும் வெளியே வந்தது. வரப்பில் உட்கார வைத்து, அந்த அம்மாள் தம் குடத்தைச் சாய்த்துக் காலில் ஊற்றினார். ஒரு சொம்பு அல்ல. சேறும் உப்பும் போகும்வரை ஊற்றினார். மண்வெட்டிக்காரர் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். ஊசி போட்டுக் கட்டுக் கட்டும்வரை நின்றார். பிறகு அவரைத் திரும்ப அழைத்து வந்து, அவருடைய வண்டி நின்ற இடத்தில் இறக்கிவிட்டு, “வேல கெடக்கு” என்று சொல்லிப் போய்விட்டார்.

கேமராவை எடுத்துத் தந்த அம்மாளிடம் இளைஞர் 500 ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். அவர் சிரித்துவிட்டார்.

“தண்ணிக்குப் போய் யாராவது ரூவா வாங்குவாவளா மக்களே?”

நடந்தது இவ்வளவே. அவர்கள் இருவரும் என்ன சாதி, எந்தச் சபை என்று அந்த இளைஞர் கேட்கவில்லை. இங்கே சொல்ல வேண்டிய தேவையுமில்லை. அவர்களும் அவரைக் கேட்கவில்லை. கேட்டது “வலிக்கா?” என்ற ஒரே கேள்வி.

இந்தக் கேள்வியின் அருமை சாதாரணமானதல்ல. இந்த மண்ணில் ஒரு மனிதனைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி வேறாக இருந்த காலம் ஒன்று உண்டு. அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்துத் திருவிதாங்கூரில் “நீ யார்?” என்ற கேள்விதான் முதல் கேள்வி. அதற்குச் சொல்லும் பதிலை வைத்துத்தான் எந்த வழியில் நடக்கலாம், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பதெல்லாம் முடிவாயின. ஒடுக்கப்பட்ட குடிகளின் பெண்கள் மார்பை மறைக்க உரிமையில்லாதிருந்தார்கள். அந்த உரிமை அரசாணையாக வந்ததே 1859-ஆம் ஆண்டில்தான். அய்யா வைகுண்டம் சென்று 8 ஆண்டுகள் கழிந்த பின்பு. அந்தப் பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் தடை இருந்தது. ஆண்கள் தலைப்பாகை கட்டவும் தடை இருந்தது.

விடியற்காலையில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நிமிர்ந்து நடந்து வருவதை அந்த இளைஞர் அழகான காட்சியாக மட்டுமே கண்டார். அந்தக் காட்சி ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. இன்று எளிதாகக் கண்ணில் படுகிற ஒன்றுக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்ணீர் இருக்கிறது! அந்தக் கண்ணீரைத் துடைக்கத்தான் அய்யா தம்மைத் தேடி வந்த ஆண்மக்களைத் தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் கூடி நீர் எடுக்க முந்திரிக்கிணற்றை அமைத்தார். ‘யார் நீ’ என்று கேட்டு மூடிக்கிடந்த கிணறுகளின் நடுவே, யாரையும் கேட்காத ஒரு கிணறு.

அன்று மாலை அந்த இளைஞர் கட்டுப்போட்ட காலோடு நொண்டி நொண்டி அந்தக் கிணற்றருகே வந்து நின்றார். 8-ஆம் திருநாள் கலிவேட்டை நடப்பது முந்திரிக்கிணற்றின் அருகில்தான் என்பது அன்புக்கொடி மக்கள் எல்லோரும் அறிந்தது. வெள்ளைக் குதிரை வாகனம் வந்தது. “அய்யா சிவசிவா” என்ற முழக்கம் எழுந்தது. ஆண்டுதோறும் படம் எடுக்கிற அவர் அன்று கேமராவை உறையிலிருந்து எடுக்கவில்லை. காலையில் தம் காலில் விழுந்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. வேட்டைக்கு இந்தக் கிணற்றங்கரை ஏன் இடமாயிற்று என்று அன்றுதான் அவர் சிந்தித்தார்.

கலி என்பது எங்கோ காட்டில் ஒளிந்திருக்கும் மிருகம் அல்ல. மனிதனுக்குள் புகுந்து, ‘நான் வேறு, அவன் வேறு’ என்று பேச வைக்கும் மாயை என்று பெரியோர் விளக்குவர். அந்த மாயை தெருவில் தலைகாட்டுவதைவிட அதிகமாகக் கிணற்றங்கரையில் தலைகாட்டும். தாகத்தோடு வருகிறவனிடம் தண்ணீருக்குமுன் கேள்வியை நீட்டுவதே கலியின் குணம். கேள்விக்குமுன் தண்ணீரை நீட்டுவது தர்மத்தின் குணம். வேட்டை நடக்கவேண்டிய இடம் இதைவிட வேறு எது?

இனி அந்த 500 ரூபாய்க்கு வருவோம். அதை நீட்டியது தவறா? நன்றியோடுதான் நீட்டினார். ஆயினும் அந்த அவசரத்துக்குள் இன்னொன்றும் இருந்தது. கடன்பட்டு நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சற்றுமுன் தாம் படமாக மட்டும் பார்த்த ஒருவரிடம் இப்போது கைநீட்டி வாங்கியிருக்கிறோமே என்ற கூச்சம். பணத்தைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. அவர் யாரோ, இவர் யாரோ.

அய்யாவழி மக்கள் இந்த மனத்தை நன்கு அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் தெய்வத்திடமே இப்படிக் கணக்கு முடிக்கிற வழக்கத்தைத்தான் அய்யா விலக்கினார். காணிக்கை வேண்டாம், காவடி வேண்டாம் என்று தடுத்தார். இதைத் தந்தேன், அதைத் தா என்று பேரம் பேசுவது பக்தி அல்ல என்று உணர்த்தினார். தெய்வத்தோடு பேரம் கூடாது என்று ஒப்புக்கொள்கிறவர்கள், மனிதனுடைய இரக்கத்தை மட்டும் விலைபேசி முடித்துவிடலாமா? அந்த அம்மாள் சிரித்தது இளைஞரை ஏளனம் செய்ய அல்ல. விற்காத பொருளுக்கு விலை கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காலம் கெட்டுக் கிடக்கிறது. உதவி என்று கூப்பிட்டு ஏமாற்றுகிறவர்கள் உண்டு. உதவி செய்கிறேன் என்று வந்து வழிப்பறி செய்கிறவர்களும் உண்டு. முன்பின் தெரியாதவர்களை நம்பலாமா? ‘யார் நீ’ என்று கேட்பது முன்யோசனைதானே?

நியாயமான கேள்விதான். வீட்டுத் திறவுகோலை ஒப்படைக்குமுன், பெண்ணைக் கட்டிக்கொடுக்குமுன், சொத்தை எழுதிவைக்குமுன் ஒருவன் யார் என்று விசாரிக்கத்தான் வேண்டும். விசாரிக்காவிட்டால் அது மடமை. ஆனால் சேற்றில் கால் மாட்டிக் கிடக்கிறவனிடம் அந்த விசாரணைக்கு இடமில்லை. அங்கே கண்முன் தெரிவது வலி. வலிக்குச் சாட்சி தேவையில்லை. எச்சரிக்கை வேறு, பேதம் வேறு. எச்சரிக்கை உள்ளவன் தன்னைக் காத்துக்கொண்டு உதவ வழி பார்ப்பான். பேதம் உள்ளவன் உதவாமல் இருக்கக் காரணம் பார்ப்பான். தன் மனத்தில் எழுவது இந்த இரண்டில் எது என்பதை அவரவர் நெஞ்சு அறியும். பிறரை ஏமாற்றலாம், நெஞ்சை ஏமாற்ற முடியாது.

இதைவிட ஆழமான ஒன்றும் இந்த நிகழ்வில் இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவர்களைத் தாங்கிக் காப்பதுதான் தர்மம் என்பது அய்யாவின் உபதேசம். இதைக் கேட்கும்போது நம்மில் பலர் நம்மைத் தாங்குகிறவர் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம். தாழ்ந்து கிடப்பவர் என்றால் வேறு யாரோ. ஏழை, நோயாளி, அனாதை. நாம் கொடுக்கிற கை. அந்த இளைஞரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். சென்னையில் சம்பளம் வாங்குகிறவர் அவர். அவர் கழுத்தில் தொங்கிய கேமராவின் விலை, அந்த அம்மாளுக்குப் பல மாதக் கூலி. ஊர்க்கணக்கில் யார் மேலே, யார் கீழே என்று கேட்டால் சிறுபிள்ளையும் சொல்லிவிடும்.

ஆனால் அன்று விடியற்காலையில் தாழ்ந்து கிடந்தவர் யார்? விலையுயர்ந்த பொருளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊன்றக் கையில்லாமல் சேற்றில் நின்றவர்தான். குனிந்து தூக்கியவர் கூலிக்காரப் பெண். தாழ்வு என்பது பிறப்பில் இல்லை, பணத்தில் இல்லை. அது ஒரு நிலை. இன்று அவனுக்கு வரும், நாளை எனக்கு வரும். அரசனுக்கும் வரும், ஆண்டிக்கும் வரும். பிறப்பால் தாழ்ந்தவன் என்று எவனும் இல்லை என்று அய்யா காட்டித் தந்தார். எந்த நேரமும் உயர்ந்தே நிற்பவன் என்றும் எவனும் இல்லை என்பது அதன் மறுபக்கம். இதை உணர்ந்தவன் உதவும்போது கர்வப்படமாட்டான். உதவி பெறும்போது குறுகவும் மாட்டான்.

கர்வமில்லாமல் கொடுக்கப் பழகியவர்கள்கூடக் குறுகாமல் வாங்கப் பழகுவதில்லை. தாங்கல்களில் நடக்கும் அன்னதர்மத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரே உணவு, ஒரே வரிசை. வசதி உள்ளவரும் இல்லாதவரும் அருகருகே அமர்ந்து வாங்கி உண்கிறார்கள். இன்று பரிமாறியவர் நாளை இலைமுன் உட்காருகிறார். வாங்குவது தாழ்வு என்றால், அந்தப் பந்தியில் உட்கார்ந்த அனைவரும் தாழ்ந்தவர்களே. கொடுப்பது உயர்வு என்றால், அகப்பை பிடித்த அனைவரும் உயர்ந்தவர்களே. இரண்டும் இல்லை என்பதை இருபுறமும் நிறுத்திக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் அந்தப் பந்தி.

மறுநாள் காலையில் அந்த இளைஞருக்கு இன்னொரு நினைப்பு வந்து சுட்டது. உப்பளத்தில் எங்கும் தண்ணீர்தான், குடிக்க ஒரு வாய் கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுபோனால்தான் உண்டு. அந்த அம்மாள் தம் காலில் ஊற்றியது அன்று வேலை முடியும்வரை அவர் குடிப்பதற்காகச் சுமந்து வந்த தண்ணீர். அந்தக் குடம் காலியான பிறகு அவர் என்ன செய்தார்? இவர் கேட்கவேயில்லை. 500 ரூபாயை நீட்டத் தெரிந்தவருக்கு அது தோன்றவில்லை.

ஒரு கேனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனார். அந்த அம்மாள் அதே பாத்தியில் நின்றார். “நேத்து குடிக்கத் தண்ணி இல்லாம என்ன செஞ்சிய?” என்று கேட்டார் இளைஞர்.

“அதுக்கென்ன! பக்கத்துப் பாத்திக்காரி குடுத்தா” என்றார் அவர். சொல்லிவிட்டு, “காலு இப்ப வலிக்கா?” என்று கேட்டார்.

அடைக்க வேண்டும் என்று இவர் சுமந்து வந்த கடனை, பெயர் தெரியாத இன்னொருத்தி முந்தைய நாளே அடைத்துவிட்டார். அவருக்கும் இது கடன் என்ற எண்ணம் இருந்திருக்காது. தர்மம் இப்படித்தான் நடக்கிறது. பெற்ற இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் அது கைமாற்று. அடுத்து நிற்பவருக்குக் கொடுத்தால் அது தர்மம். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: முன்பின் தெரியாதவர் செய்த உதவியை, முன்பின் தெரியாத இன்னொருவரிடம்தான் அடைக்க முடியும். அப்படி அடைக்கும்போது அந்தக் கடன் தீர்வதில்லை, பெருகுகிறது. பெருகப் பெருகப் பாரம் குறைகிற கடன் உலகில் இது ஒன்றுதான்.

கொண்டுவந்த தண்ணீரை அவர் பாத்தியில் வேலை செய்த எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். பிறகு, முந்தைய நாள் எடுத்த படத்தை அந்த அம்மாளிடம் காட்டினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், “இது யாரு மக்களே? ஆளு தெரியல்லியே” என்றார்.

வானத்தின் ஒளிக்கு ஏற்றபடி கேமராவை அமைத்தால், எதிரே நிற்கும் மனிதர் கறுப்பு உருவமாகத்தான் விழுவார். படம் எடுக்கிற எல்லோரும் அறிந்த சாதாரண விஷயம் அது. அன்றுதான் அது அந்த இளைஞருக்கு உறைத்தது. வானம் அழகாக விழவேண்டும் என்று பார்த்ததில், மனுஷி முகமில்லாமல் போனார். “இன்னொண்ணு எடுக்கட்டுமா?” என்று கேட்டார். அவர் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு வெயிலைப் பார்த்து நின்றார். அந்தப் படத்தில் வானம் வெளுத்துப்போயிற்று. ஆனால் சிரிப்பும் சுருக்கமுமாக முகம் முழுதும் தெரிந்தது. பெயரையும் அன்றுதான் கேட்டுக்கொண்டார்.

பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் நிலைக்கண்ணாடி இருப்பதை அன்புக்கொடி மக்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அதன்முன் நிற்கிறவனுக்குத் தெரிவது தன் முகம். உனக்குள் இருப்பதைப் பார் என்று அய்யா வைத்த கண்ணாடி அது. தன் முகத்தில் தெய்வத்தைப் பார்க்கப் பழகிய கண், பதியை விட்டு வெளியே வந்ததும் அடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் போகுமானால், அது கண்ணாடியின் குறையல்ல.

ஆகவே அன்புக்கொடி மக்களே, பெரிய தர்மம் செய்யப் பொருள் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வழியில் ஒருவர் தடுமாறிக் கிடந்தால், எந்த ஊர், யார் மகன் என்று கேட்குமுன் “வலிக்கிறதா?” என்று கேட்போம். தெரியாதவர் கைகொடுத்தால் கூச்சப்படாமல் பிடித்துக்கொள்வோம். அவருக்கு விலை பேசாமல், அதை அடுத்தவரிடம் சேர்ப்போம். தண்ணீர் கொடுத்தவரின் குடத்தில் மீதி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்ப்போம். முந்திரிக்கிணறு சாமிதோப்பில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொருவர் வாசலிலும், ஒவ்வொருவர் நெஞ்சிலும் அந்தக் கிணறு ஊற வேண்டும். அங்கே கலிக்கு இடமிருக்காது.

அய்யா உண்டு!